டாங்கியின் ஆதி சரித்திரம்: கற்கத்தக்க நூல்கள் சில

சரித்திரம் பயிலும் மாணவர்க்கு எந்நூலைக் கற்பது என்னும் வினாவினும், எதனை முதலிற் கற்பது, எதனைப் பின்னர்க் கற்பது, எதனை எத்துணை நம்புவது என்னும் வினாக்களே கடினமானவை. இவற்றை விளக்கும் பொருட்டு யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட விஷயம் டாங்கி என்னும் போர்ப்பொறியின் தோற்ற வரலாறு. இதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அதன் ஆதி சரித்திரம் 1914 முதல் 1918 வரையுள்ள சில ஆண்டுகளுள் அடங்குவது. ஆதலின் ஒரு விடுமுறைக் காலத்திற் கற்று முடித்தல் கூடும். இரண்டாவது, அதனைப்பற்றி முதலில் எழுதினோருட் பெரும்பாலார் அப்பொறியை ஆக்குவித்தோரும், செலுத்தினோரும், தாமே அதற்கு மூலகாரணர் என உரிமை கொண்டாடினோருமாவர். ஆதலின் சாட்சிகளை நிறுத்தறியும் பயிற்சிக்கு இது நல்ல களம். மூன்றாவது, இச்சரித்திரத்தைப் பிழைபடக் கற்றதன் பயன் பெரிது. 1940-ஆம் ஆண்டிற் பிரான்சு ஆறு வாரத்தில் வீழ்ந்தபோது அத்தேசத்தார்க்கு டாங்கிகள் குறைவாயிருந்தனவல்ல. முந்திய யுத்தத்தினின்றும் அவற்றை வழங்கும் முறைபற்றி அவர்கள் கற்றுக்கொண்ட பாடமே வேறாயிருந்தது.

பெயர்

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். நம் நாட்டு ஏரி குளங்களை ஆங்கிலேயர் 'டாங்க்' என்று எழுதிவந்தமை யாவரும் அறிந்தது. அச்சொல் குஜராத்தி முதலிய இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்து, போர்த்துக்கேயச் சொல்லொன்றோடும் கலந்ததென்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. 1915-ஆம் ஆண்டின் இறுதியில், இரகசியமாகச் செய்யப்பட்டுவந்த பொறிக்குப் பகைவர் ஐயுறாதவாறு ஒரு பெயர் வேண்டப்பட்டபோது, நீர்த்தொட்டி என்று பிறர் எண்ணுமாறு அச்சொல்லே தெரிந்தெடுக்கப்பட்டது. நீர்நிலைக்கு உரிய பெயர் நெருப்புமிழும் பொறிக்கு ஆயினமை இவ்வாறே. பெயரைத் தேர்ந்தவருள் ஒருவராகிய எர்னஸ்ட் ஸ்வின்ட்டன் என்பார் 1868-ஆம் ஆண்டிற் பெங்களூரிற் பிறந்தவர்; அவர்தம் தந்தையார் சென்னை சிவில் உத்தியோகத்தில் நீதிபதியாயிருந்தவர்.

தோற்றம்

1914-ஆம் ஆண்டின் இறுதியில் சுவிட்ஸர்லாந்தின் எல்லை தொடங்கி வடகடல் வரை இருதிறத்துச் சேனைகளும் அகழிகளுள் ஒடுங்கின. முள்வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் கூடியவிடத்து, வெளியே எழுந்து நடக்கும் காலாட்படை நிற்றற்கு இயலவில்லை. வேலியை மிதித்து, அகழியைத் தாண்டி, துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் வாகனமொன்று வேண்டுமென்பது பலர் உள்ளத்தும் ஒரு காலத்தே தோன்றியது. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆசிரியர் நிலத்தில் ஊரும் இரும்புக் கப்பல்களைப்பற்றி 1903-ஆம் ஆண்டிலேயே ஒரு கதை எழுதியிருந்தார். அமெரிக்க வயல்களில் வழங்கிய ஹோல்ட் இழுவை யந்திரம், சக்கரத்தின்மேல் ஓடும் சங்கிலிப் பட்டையால் சேற்றிலும் செல்லவல்லதாயிருந்தது. ஸ்வின்ட்டன் அதனைக் கருதி, 1914 அக்டோபரில் யுத்தசபைக் காரியதரிசியாகிய மாரிஸ் ஹாங்கியிடம் தம் யோசனையைக் கூறினர். ஹாங்கி அதனை டிசம்பரில் மேலிடத்திற்கு எழுதினர். கடற்படை மந்திரியாகிய வின்ஸ்டன் சர்ச்சில் 1915 ஜனவரியிற் பிரதம மந்திரிக்கு எழுதி, பிப்ரவரியில் நிலக்கப்பற் கமிட்டியை நிறுவினர். கப்பல் கட்டுந் தலைவராகிய டென்னிசன் டெயின்கோர்ட் அதன் அக்கிராசனர். நிலத்தில் ஓடும் வாகனத்தைக் கடற்படை அலுவலகம் வளர்த்தது இங்ஙனமே.

பொறியை வடிவாக்கிய பெருமை லிங்கன் நகரத்து ஃபாஸ்டர் தொழிற்சாலையின் வில்லியம் ட்ரிட்டனுக்கும், லெப்டினன்ட் வால்டர் வில்ஸனுக்கும் உரியது. 1915 செப்டம்பரில் 'லிட்டில் வில்லி' என்பது உருவாயிற்று. அகலமான அகழியைத் தாண்ட அது போதாமையின், பொறியின் உடலைச் சாய்சதுரமாக்கிச் சங்கிலிப் பட்டை அதனை முற்றுஞ் சுற்றிவருமாறு வில்ஸன் வகுத்தனர். இவ்வாறமைந்த 'மதர்' என்னும் பொறி 1916 பிப்ரவரி 2-ஆம் நாள் ஹாட்ஃபீல்ட் தோட்டத்தில் மந்திரிகளும் சேனாதிபதிகளும் காணச் சோதிக்கப்பட்டது. உடனே 100 பொறிகள் செய்யக் கட்டளை பிறந்தது.

இப்பகுதிக்கு யாம் கூறும் நூல்கள் நான்கு. கமிட்டியின் காரியதரிசியாயிருந்த ஆல்பர்ட் ஸ்டெர்ன் 1919-இல் வெளியிட்ட 'டாங்க்ஸ் 1914-1918' அலுவலகங்களோடு அவர் நிகழ்த்திய போராட்டத்தைக் கூறுவது. ஸ்வின்ட்டனுடைய 'ஐவிட்னெஸ்' 1932-இல் வந்தது. நடை தெளிவும் நகைச்சுவையும் உடையது. மரே ஸ்யூட்டர் 1937-இல் எழுதிய 'தி எவல்யூஷன் ஆஃப் தி டாங்க்' கடற்படை விமானப்பகுதியார்க்கே முதன்மை வேண்டுவது. டேவிட் ஃபிளெட்சரின் 'லாண்ட்ஷிப்ஸ்', 1984-இல் வந்தது. படங்களோடு பொறிகளின் அமைப்பை முறைப்பட விளக்குவது. முதல் மூன்றும் வழக்காடுவோர் வாக்குமூலம். நான்காவது பொறியையே சாட்சியாகக் கொண்டது. ஆதலின் நான்காவதனை முதலிற் கற்க.

இவ்வழக்கு ஏட்டளவில் நின்றதன்று. யுத்தம் முடிந்தபின் 1919-இல், கண்டுபிடித்தோர்க்குப் பரிசளிக்கும் ராயல் கமிஷன் இதனை விசாரித்தது. ட்ரிட்டனுக்கும் வில்ஸனுக்கும் கூட்டாக 15,000 பவுன் அளிக்கப்பட்டது. ஸ்வின்ட்டனுக்கு 1,000 பவுன். ஆஸ்திரேலியராகிய லான்ஸ்லட் டி மோல் 1912-இலேயே அத்தகையதொரு பொறியின் வரைபடத்தை யுத்த அலுவலகத்திற்கு அனுப்பியிருந்தார். அவர் யோசனையின் சிறப்பைக் கமிஷனார் ஒப்புக்கொண்டும், பின்னர் ஆக்கப்பட்ட பொறி அதனினின்றும் பிறந்ததன்று ஆதலின், செலவுத்தொகையன்றிப் பரிசு பெறுதற்கு அவர்க்கு இயலவில்லை. எண்ணியவர் வேறு, எடுத்துரைத்தவர் வேறு, பொருள் ஒதுக்கியவர் வேறு, இரும்பில் ஆக்கியவர் வேறு என்பதனை மாணவர் இதனால் உணர்க. 'டாங்கியைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று ஒருமையில் வினாவுவார்க்குச் சரித்திரத்தில் விடை இல்லை.

முதற் களம்

1916 செப்டம்பர் 15-ஆம் நாள், ஸோம் நதிப் போரில், ஃபிளேர் என்னும் சிற்றூரை அடுத்துப் டாங்கிகள் முதன்முறை களம் புகுந்தன. ஒதுக்கப்பட்டவை 49, புறப்படும் இடத்தை அடைந்தவை 32. ஏனையவை வழியிலேயே பழுதுற்றன, அல்லது குழிகளிற் சிக்கின. ஒரு டாங்கி ஃபிளேரின் தெருவழியே சென்றது. காலாட்படை அதன் பின்னே சென்று ஊரைக் கைப்பற்றியது. அன்று பெற்ற நிலம் சிறிது. ஆயினும் இரகசியம் வெளிப்பட்டது.

ஈண்டே முதற் பெரு விவாதம் எழுகின்றது. டாங்கிகளைப் பெருந்தொகையாகச் சேர்க்கும்வரை மறைத்துவைத்து ஒருங்கே ஏவுதல் வேண்டுமென 1916-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஸ்வின்ட்டன் எழுதியிருந்தார். சேனாதிபதி ஹெய்க் சிலவற்றைக் கொண்டே தொடங்கினமை பெரும் பிழை என்பது சர்ச்சில் தம் 'தி வர்ல்ட் க்ரைஸிஸ்' என்னும் நூலிற் காட்டுங் கருத்து. 1995-இல் ஜே. பி. ஹாரிஸ் வெளியிட்ட 'மென், ஐடியாஸ் அண்ட் டாங்க்ஸ்' இதனை மறுபடியும் ஆராய்ந்து, ஹெய்க் புதுப்பொறிகளை வெறுத்தவரல்லர் எனக் காட்டுகின்றது. களத்திற் சோதியாத பொறியின் குறைகளை அறிதல் எங்ஙனம் என்னும் வினாவும் உண்டு. அதே 1995-இல் ட்ரெவர் பிட்ஜன் வெளியிட்ட 'தி டாங்க்ஸ் அட் ஃபிளேர்' அன்று சென்ற டாங்கி ஒவ்வொன்றின் வழியையும் தனித்தனியே தொடர்வது. விவாதம் செய்வார் யாவரும் அதனைக் கண்டபின்னரே வாய் திறத்தல் நன்று.

பொறியினுள் இருந்தோர்

திட்டம் வகுத்தோர் நூல்களை மட்டும் கற்பார்க்கு டாங்கி என்பது படத்தில் நகரும் ஒரு புள்ளியாகவே தோன்றும். உள்ளே இருந்தோர் எழுதியவற்றையும் கற்றல் இன்றியமையாதது. முதல் டாங்கியின் நிறை 28 டன். இயந்திரத்தின் ஆற்றல் 105 குதிரைச் சக்தி. மிக்க வேகம் மணிக்கு நான்கு மைலுக்கும் குறைவு. குண்டுக்குழி மலிந்த நிலத்தில் அதிற் பாதியும் செல்லாது. உள்ளே எண்மர். வண்டியைத் திருப்புதற்கே நால்வர் ஒருங்கு முயலவேண்டும். இயந்திரம் தடுப்பின்றி நடுவே நின்றமையால் வெப்பம் பொறுத்தற்கரியது. புகையின் நஞ்சால் வீரர் மயங்கி வீழ்ந்ததுமுண்டு. பேரொலியிற் பேச்சுக் கேளாதாகலின், இரும்பைத் தட்டியும் கையசைத்தும் கட்டளையிட்டனர். வெளியே குண்டு பட்டவிடத்து உள்ளே சிதறும் இரும்புத் துகள் கண்ணைக் கெடுக்காதிருக்கச் சங்கிலி தொங்கும் முகமூடி அணிந்தனர். செய்தி அனுப்பப் புறாக்களைக் கொண்டுசென்றனர். 1918-இல் வந்த ஐந்தாம் வகையிலேதான், வில்ஸன் வகுத்த புதிய பல்லிணைப்பால், ஒருவரே வண்டியைச் செலுத்துதல் கூடிற்று.

இவற்றை அறிய டபிள்யூ. எச். எல். வாட்ஸன் 1920-இல் எழுதிய 'எ கம்பெனி ஆஃப் டாங்க்ஸ்' மிகச் சிறந்தது. அவ்வாண்டே வந்த டி. ஜி. பிரௌனின் 'தி டாங்க் இன் ஆக்ஷன்' என்பதும் கற்கத்தக்கது. வாட்ஸன் 1917 ஏப்ரல் 11-ஆம் நாள் புல்கூர்ப் போரில் டாங்கிகளுக்குத் தலைமை பூண்டவர். அன்று 11 டாங்கிகள் பனியில் ஆஸ்திரேலியக் காலாட்படைக்குத் துணையாகச் சென்று பயன்படாது போயின. ஆஸ்திரேலியர் 3,000 பேர்க்கு மேல் இழந்தனர். அவருள் ஆயிரவர்க்கு மேல் சிறைப்பட்டோர். அன்று முதல் அவர்கள் டாங்கியை நம்ப மறுத்தனர். அந்நம்பிக்கை மீண்டது 1918 ஜூலை 4-ஆம் நாள், ஹாமெல் என்னும் இடத்தில். அங்கே சேனாதிபதி மோனாஷ் 60 டாங்கிகளையும், காலாட்படையையும், பீரங்கிகளையும், விமானங்களையும் ஒரே ஒழுங்கிற் பிணைத்து, 93 நிமிஷத்தில் கருதியது முடித்தனர். பொறி திருந்தியதும், அதனோடு இணைந்து போரிடும் முறை திருந்தியதும் ஒருங்கே நிகழ்ந்தன என்பது இவ்விரண்டு போர்களையும் அடுத்தடுத்துக் கற்பார்க்கு விளங்கும்.

காம்ப்ரே

1917 நவம்பர் 20-ஆம் நாள் காம்ப்ரே நகரின் முன்னர் நிகழ்ந்த போரே டாங்கியின் புகழை நாட்டியது. மொத்தம் 476 டாங்கிகள்; அவற்றுட் போரிடுவதற்குரியவை 378. அகழியை நிரப்ப விறகுக் கட்டுகளைத் தலைமேற் சுமந்து அவை சென்றன. படைத்தலைவர் ஹ்யூ எல்லிஸ் 'ஹில்டா' என்னும் டாங்கியில் தாமே முன் சென்றனர். ஒரே நாளில் ஏறக்குறைய ஐந்து மைல் நிலம் கைப்பட்டது; இங்கிலாந்தில் கோயில் மணிகள் ஒலித்தன. ஆயினும் அன்று மாலைக்குள் 179 டாங்கிகள் செயலற்றன. அவற்றுட் குண்டுபட்டவை 65, இயந்திரம் பழுதுற்றவை 71, சிக்கிக்கொண்டவை 43. பகைவரினும் பழுதே பெரும் பகையாயிற்று. நவம்பர் 30-ஆம் நாள் ஜெர்மானியர் எதிர்த்துத் தாக்கிப் பெரும்பகுதியை மீட்டனர். இருதிறத்தும் தனித்தனி 40,000 பேர்க்கு மேல் இழப்பு.

இந்தியக் குதிரைப்படைகளும் அப்போரில் இருந்தன. பழைய சென்னைக் குதிரைப்படையின் வழிவந்த 28-ஆம் லைட் காவல்ரியைச் சேர்ந்து, இரண்டாம் லான்ஸர் படையோடு பணிபுரிந்த கோவிந்த் சிங் என்னும் லான்ஸ் தபேதார், டிசம்பர் 1-ஆம் நாள் குண்டுமாரியினூடே மும்முறை செய்தி கொண்டுசென்றார். ஒவ்வொரு முறையும் குதிரை சுடப்பட்டு வீழ, கால்நடையாகவே ஓடி முடித்தார். விக்டோரியா சிலுவை பெற்றார். இரும்புப் பொறியும் குதிரையும் ஒரே களத்தில் நின்ற காலம் அது.

காம்ப்ரேயைப்பற்றி முதலிற் கற்கத்தக்கது ஜே. எஃப். சி. ஃபுல்லரின் 'டாங்க்ஸ் இன் தி கிரேட் வார்', 1920-இல் வந்தது. டாங்கிப் படையின் தலைமைத் திட்டக்காரர் அவரே. அறிவுக்கூர்மையும் பிறர்மேற் பொறுமையின்மையும் அந்நூலின் ஒவ்வொரு பக்கத்தும் தோன்றும். பின்னர் 2008-இல் பிரின் ஹாமண்ட் இப்போரைப்பற்றி எழுதிய நூலைக் கற்க. முன்னறிவிப்பாகச் சுடாமல், கணக்கிட்டே இலக்கை அறிந்து ஆயிரம் பீரங்கிகள் ஒருங்கே முழங்கினமையும் அன்றைய வெற்றிக்கு டாங்கியோடு ஒத்த காரணமென அவர் காட்டுகின்றார். ஒருவர் தம் பொறியைக் கண்டார். மற்றவர் களம் முழுவதையும் கண்டார்.

ஒரு சிறு செய்தி ஈண்டுக் கருதத்தக்கது. ஃபிளெஸ்கியேர் மேட்டில் ஜெர்மானியப் பீரங்கி அதிகாரி ஒருவர் தனித்து நின்று பல டாங்கிகளை அழித்துத் தாமும் மாண்டார் என ஹெய்க் தம் அறிக்கையில் எழுதினர். பகைவனையும் புகழ்ந்த அச்செய்தி எங்கும் பரவியது. ஜெர்மனியில் ஒரு வீரனுக்கு அதன்பொருட்டுச் சின்னமும் எழுந்தது. ஆனால் அங்கே நின்றவை பல பீரங்கிகள். நகரும் இலக்கைச் சுடுதற்கு அவ்விடத்து ஜெர்மானியப் படைப்பிரிவு முன்னரே பயிற்றப்பட்டிருந்தது. தனிவீரன் கதை இனிது. பயிற்சியின் கதை உண்மைக்கு அணித்து. அம்மேட்டில் அழிந்த 'டெபோரா' என்னும் டாங்கி 1998-இல் மண்ணினின்றும் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதனுள் மாண்டோர் ஐவர். அவர்கள் வரலாற்றை ஜான் டெய்லர் 2016-இல் வெளியிட்ட 'டெபோரா அண்ட் தி வார் ஆஃப் தி டாங்க்ஸ்' கூறுகின்றது. ஏட்டோடு மண்ணும் சாட்சி கூறும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

பிரான்சும் ஜெர்மனியும்

ஆங்கில நூல்களை மட்டும் கற்பார் டாங்கி ஆங்கிலேயர் ஆக்கம் என்றே எண்ணுவர். அதே காலத்திற் பிரெஞ்சுப் பீரங்கிப்படைத் தலைவராகிய எஸ்தியேன் தனித்து முயன்றுவந்தார். 1917 ஏப்ரல் 16-ஆம் நாள் அவர்தம் 132 ஷ்னேடர் வண்டிகள் களம் புகுந்தன. பாதிக்கு மேற்பட்டவை அழிந்தும் பழுதுற்றும் கிடந்தன. அவர் மனந்தளராது வேண்டிப் பெற்ற ரெனோ என்னும் சிறு டாங்கியே பிற்காலத்து டாங்கிகளுக்கெல்லாம் முன்மாதிரி: இருவர் அமர்வது, சுழலும் கூண்டில் துப்பாக்கி உடையது, பின்னே இயந்திரம் அமைந்தது. யுத்தம் முடிவதற்குள் 3,000-க்கு மேல் ஆக்கப்பட்டன. இதற்கு டிம் கேல் 2013-இல் வெளியிட்ட நூல் துணை செய்யும்.

ஜெர்மானியரோ ஏ-7-வி என்னும் பெரும்பொறிகள் இருபதே செய்தனர். 1918 ஏப்ரல் 24-ஆம் நாள் வில்லேர்-பிரெத்தன்னோவில் டாங்கியை டாங்கி எதிர்த்த முதற் போர் நிகழ்ந்தது. அதில் ஆங்கில டாங்கியொன்றின் தலைவராயிருந்த மிட்செல் 1933-இல் 'டாங்க் வார்ஃபேர்' எழுதினர். அந்த ஜெர்மானியப் பொறிகளுள் எஞ்சிய ஒன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக் காட்சிசாலையில் உள்ளது.

1918 ஆகஸ்ட் 8-ஆம் நாள் ஆமியான் போரில் 400-க்கு மேற்பட்ட டாங்கிகள் சென்றன. மறுநாள் செயலிற் கூடியவை 145. மூன்றாம் நாள் 85. நான்காம் நாள் 38. ஐந்தாம் நாள் 6. இவ்வெண்களை மாணவர் தம் ஏட்டில் எழுதிவைத்துக்கொள்க. டாங்கி தனியே யுத்தத்தை வென்றது என்பார்க்கும், டாங்கியால் ஆவதொன்றில்லை என்பார்க்கும் அவையே விடை: முதல்நாள் அது வாயிலைத் திறந்தது, ஐந்தாம் நாள் வாயிலினுட் செல்ல அது இல்லை.

நூலாசிரியரை அறிதல்

யுத்தத்தின் பின்னர் ஃபுல்லரும் லிட்டல் ஹார்ட்டும் டாங்கிகளைத் தனிப்படையாக்கி விரைந்து ஊடுருவல் வேண்டுமென எழுதினர். ஜெர்மானியராகிய குடேரியன் 1937-இல் 'ஆக்துங் பான்ஸர்' எழுதினர். முன் யுத்தத்தின் டாங்கிப் போர்களை அவர் ஆழ்ந்து கற்றமை அதிற் காணலாம். லிட்டல் ஹார்ட் 1959-இல் 'தி டாங்க்ஸ்' என்னும் இரு பாகங்களில் முழு வரலாற்றையும் எழுதினர்; அதனை விலக்கி இப்பொருளைக் கற்றல் இயலாது. ஆயினும் ஒன்று அறிக. குடேரியனுடைய சுயசரிதையின் ஆங்கிலப் பதிப்பு 1952-இல் வந்தபோது, லிட்டல் ஹார்ட்டிற்குத் தாம் கடன்பட்டதாகக் கூறும் ஒரு பகுதி அதிற் காணப்பட்டது; ஜெர்மானிய மூலத்தில் அஃதில்லை. லிட்டல் ஹார்ட்டே வேண்டிச் சேர்ப்பித்தது அது. ஜான் மியர்ஷைமர் 1988-இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினர். ஃபுல்லரோ 1930-களில் இங்கிலாந்தின் ஃபாஸிஸ்ட் கட்சியிற் சேர்ந்தவர்; 1939-இல் ஹிட்லரின் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவிற்குச் சென்றவர். பொறியை நன்கறிந்தார் மனிதரை நன்கறிந்தாராதல் ஒருதலையன்று. அதனால் அவர் நூல் கற்கத்தகாததாய் விடாது, கண்மூடிக் கற்கத்தகாததாகும்.

கற்கும் முறை

யாம் கூறும் வரிசை இது. முதலில் ஃபிளெட்சர், பொறியின் உறுப்புகள் விளங்கும். அடுத்து வாட்ஸன், உள்ளே இருந்தோர் துயர் விளங்கும். மூன்றாவது ஸ்வின்ட்டனையும் ஸ்டெர்னையும் ஒருங்கு வைத்து, ஒரே மாதத்து நிகழ்ச்சிகளை இருவரும் எங்ஙனம் கூறுகின்றனர் என ஒப்பிடுக. நான்காவது ஃபுல்லர். ஐந்தாவது ஹாரிஸும் ஹாமண்டும். காலமுடையார் லிட்டல் ஹார்ட்டின் முதற் பாகத்தையும் கேலையும் சேர்த்துக்கொள்க. ஒவ்வொரு நூலையும் தொடங்குமுன் ஏட்டில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுக: ஆசிரியர் அன்று எங்கே நின்றார்? எந்த ஆண்டில் எழுதினார்? அவர் கூற்றை நாம் ஏற்பின் அவர்க்கு வரும் பயன் யாது? பின்னர் இழப்பின் எண்களைத் தனியே குறிக்க. வெற்றியைப் பெரிதாக்கும் நூல்கள் பலவும் அவ்வெண்களைச் சிறிய எழுத்திற் புதைத்துவைக்கும்.

யுத்தப் பொறியின் வரலாற்றைக் கற்றல் யுத்தத்தை விரும்புதலன்று. ஒரு பொறி வந்தால் துன்பம் குறையும், யுத்தம் விரைவில் முடியும் என்னும் நம்பிக்கையோடு அதனை ஆக்கினோர் பலர். அதன்பின் வந்த யுத்தம் முன்னதினும் பெரிதாயிற்று. அந்நம்பிக்கை எங்கே மெய்யாயிற்று, எங்கே பொய்த்தது என்பதனை எண்ணோடும் நாளோடும் அறிந்தவனே, நாளை மற்றொரு பொறியைப்பற்றி அத்தகைய உறுதிமொழி கூறப்படும்பொழுது தக்க வினாவை எழுப்ப வல்லவனாவான். நம் மாணவர் அத்தகையோராதல் வேண்டுமென்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.